முப்பத்தொரு லட்சம்

ஊசி குத்திய விரலைத் தாணம்மாள் முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தாள். ரத்தம் எளிதில் வரவில்லை. டாக்டரம்மா விரலைப் பிதுக்கி எடுக்க வேண்டியிருந்தது.

"கெட்டியா இருந்துது. பாத்தியளா?" என்றாள் கணவனிடம்.

"ம்."

"போன தடவை தண்ணி மாதிரி ஓடிச்சு."

பூதலிங்கம் பெஞ்சிலிருந்து எழுந்தான். வராந்தாவின் கோடி வரை நடந்து திரும்பி வந்தான். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. காலையில் வீட்டுக்கு வந்தபோதே பார்த்தான். கேட்கவில்லை.

"தண்ணி கொண்டு வரட்டா?"

"வேண்டாம். ரத்தம் எடுக்கது வரைக்கும் குடிக்கப்பிடாதுன்னு அத்தை சொல்லியிருக்கு."

"அதான் எடுத்தாச்சே."

"குடிச்சாலும் வயித்தில நிக்..." என்றவள் நிறுத்தினாள். "இப்ப தாகம் இல்லை."

அவன் மறுபடியும் எழுந்தான்.

நாகர்கோவிலில் இந்த ஆஸ்பத்திரிக்கு அவர்கள் முதலில் வந்து மூன்று வாரம் ஆகிறது. அன்று தாணம்மாளின் ரத்தத்தில் சிவப்பணு இருபத்திரண்டு லட்சம். ஒரு பெண்ணுக்கு நாற்பத்தைந்து வேண்டும், பிள்ளை சுமக்கிறவளுக்குச் சற்றுக் குறையலாம், ஆனால் பாதியாகக் கூடாது என்றாள் ராகேல் டாக்டர். வயல் சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவர்களின் உடம்பில் ஏறிக் குடலில் தங்கும் புழுதான் காரணம். அதைப் பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம். இப்போது இரும்பு மாத்திரை.

"மூணு வாரம் கழிச்சு மறுபடி எண்ணுவேன். முப்பதைத் தாண்டினா வீட்டில வச்சே பேறு பாருங்க. தாண்டலைன்னா அன்னைக்கே வந்து இங்க படுக்கணும்."

அன்றிலிருந்து இறச்சகுளத்து வீட்டில் அந்த முப்பதும் ஓர் ஆளாக இருந்து வந்தது. மாமியார் உலகம்மாள் வேளைக்கு வேளை முருங்கைக்கீரை வதக்கினாள். எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் கொடுத்தாள். தண்ணீர்ச் செம்பை மட்டும் மருமகள் கையில் படாமல் வைத்தாள். தண்ணீர் குடித்தால் ரத்தம் கஞ்சித்தெளியாகிவிடும் என்பது அவள் தீர்மானம்.

மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவளுக்கு மனமில்லை. அவளுடைய ஒரே தங்கை வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பேற்றுக்குப் போனவள். கட்டிலில் பிணமாகத்தான் திரும்பி வந்தாள். போன வாரம் அதைச் சொல்லும்போது உலகம்மாள் அழுதாள். பூதலிங்கம் தன் அம்மா அழுது பார்த்தது குறைவு.

நேற்று மாசிச் செவ்வாய்.

மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி என்பார்கள். இந்த வருஷம் தை தட்டிப்போயிருந்தது. பொழுது சாய்ந்ததும் தெருவிலுள்ள ஆண்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எல்லோருக்கும் எங்கோ ஒரு சோலி இருந்தது. பூதலிங்கத்துக்குச் சித்தப்பா மகன் கோலப்பன் வீட்டில் சோலி. கோலப்பனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மாசிச் செவ்வாயில் பாதித் தெரு அவன் வீட்டில்தான் படுத்துக் கிடக்கும்.

மற்ற வீடுகளில் கதவு சாத்தியாயிற்று. உள்ளே ஔவைக்கு நோன்பு. நோற்கிறவள் பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் தொடமாட்டாள் என்பதும், ராத்திரி உப்பில்லாத மாவு அவித்துப் படைத்துத் தின்பார்கள் என்பதும் எல்லா ஆண்களுக்கும் தெரியும். ஆண் கண் பார்க்கக் கூடாது. ஆண் காது கேட்கக் கூடாது. ஆண் வாய் பேசக் கூடாது. அதனால் தெரியாது.

போன ஆடிக்கு முந்தின ஆடியில், நோன்பன்று மழை தூறியது. பூதலிங்கம் குடை எடுக்கத் திரும்பி வந்தான். கதவைத் தள்ளினான். தாழ் போட்டிருக்கவில்லை. அடுத்த மாதம் தாணம்மாளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பிள்ளை அழவே இல்லை. உலகம்மாள் மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அறைக் கதவு திறந்தது.

"வாத்தியாரே, ரெண்டு பேரும் உள்ள வாங்க."

ராகேல் டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் தள்ளி வைத்தாள். ஐம்பது வயதிருக்கும். சோதனை அறை ஆள் விடுப்பில் போயிருந்ததால் எண்ணும் வேலையையும் அவளே பார்த்தாள்.

"முப்பத்தொரு லட்சம்."

தாணம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். யாரை என்று தெரியவில்லை.

பூதலிங்கம் பூதப்பாண்டிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எந்த எண்ணைக் கேட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறவன்.

"அவ்வளவையும் எண்ணினியளா டாக்டரம்மா?"

"எண்ணினா நான் கிழவியாயிருவேன்." கோடு போட்ட சிறிய கண்ணாடித் துண்டைக் காட்டினாள். "கடுகை விடச் சின்ன ஒரு பொட்டு ரத்தத்துக்குத்தான் இந்தக் கணக்கு. அதை மருந்துத் தண்ணியில கலக்கி இதில விடுவேன். எண்பது சின்னக் கட்டத்தில உள்ளதை எண்ணுவேன். முந்நூத்திப் பத்து இருந்துது."

"பத்தாயிரத்தால பெருக்கணும்."

"யாரு சொன்னா?"

"முப்பத்தொரு லட்சம் வரணும்லா?"

டாக்டர் சிரித்தாள். எழுந்து வந்து தாணம்மாளின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கை நகங்களை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது.

"கணக்கு ஏறியிருக்கு. கண்ணில சிவப்பு ஏறலையே."

"அப்படீன்னா?"

"மூணு வாரத்தில இந்த மாத்திரை மூணு லட்சம் ஏத்தும். கூடிப்போனா நாலு. இது ஒம்பது ஏறியிருக்கு."

"எண்ணினதில பிழை இருக்குமோ?"

"முதல்ல நானும் அப்படித்தான் நினைச்சேன். திருப்பி எண்ணினேன். பிழை எண்ணினதில இல்லை. குளம் வத்தினா மீன் கூட்டமாத் தெரியும். அதுக்காக மீன் பெருகிட்டுன்னு சொல்ல முடியுமா? உடம்பில தண்ணி குறைஞ்சா ரத்தமும் அப்படித்தான்." தாணம்மாளிடம் திரும்பினாள். "நேத்து வயித்தால போச்சா மக்கா? வாந்தி எடுத்தியா? பட்டினி கிடந்தியா?"

தாணம்மாள் கணவனைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்தாள்.

"இல்லை."

"சோறு தின்னியா?"

"தின்னேன்."

"தண்ணி?"

"குடிச்சேன்."

"வாத்தியாரே, நீங்க சொல்லுங்க."

காலையில் கிணற்றடிக்குப் போகும்போது முருங்கை மரத்து மூட்டில் சாம்பல் கொட்டியிருந்ததைப் பூதலிங்கம் பார்த்தான். அதற்கு அப்பால் இன்னொரு இடத்தில். வாழைமூட்டிலும். சாம்பலுக்கு அடியிலிருந்து புளித்த வாடை வந்தது. இதைச் சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்று வரும். அதற்குப் பதில் ஒரு பெயர். அந்தப் பெயரை அவன் வாய் சொல்லக் கூடாது. ஒரு தடவை அவன் கண் பார்த்துவிட்டது.

"ஒண்ணும் இல்லை டாக்டரம்மா."

டாக்டர் கை கழுவினாள். துடைக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நான் முப்பதுன்னு சொன்னேன். நீங்க முப்பத்தொண்ணோட வந்து நிக்கிய. இனி நான் இங்க படுன்னு சொன்னா உங்க அம்மை ஒத்துக்கிடுவாளா?"

அவன் அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் மனசில வச்சுக்கிடுங்க. பேறு சமயத்தில எந்தப் பொம்பிளைக்கும் ரத்தம் போகும். முப்பத்தொண்ணு நிஜம்னா இவ தாங்கிக்கிடுவா. நிஜம் இல்லைன்னா மாட்டா. வீட்டில வச்சு அப்படி ஆச்சுன்னா, நீங்க வண்டி பூட்டி இங்க கொண்டு வாறதுக்குள்ள முடிஞ்சிரும்."

தாணம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளக்கு வைக்கது வரை இங்கதான் இருப்பேன்" என்றாள் டாக்டர். யாரிடம் சொன்னாள் என்று தெளிவாக இல்லை.

பஸ் ஏறும் முன் வடசேரியில் பூதலிங்கம் இளநீர் வெட்டி வாங்கினான். தாணம்மாள் ஒரே மூச்சில் குடித்தாள். பஸ் புத்தேரியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக அவ்வளவையும் வெளியே விட்டாள்.

பின்னால் இருந்த கிழவி எட்டிப் பார்த்தாள். "மசக்கையாக்கும்?"

"இந்த வயித்துக்கா? உனக்குக் கண்ணு தெரியலியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"வயிறு தெரியுது. வாந்தியைத்தான் கேட்டேன்."

பூதலிங்கம் துண்டைக் கொடுத்தான். தாணம்மாள் முகத்தைத் துடைத்தாள்.

"நேத்து என்ன தின்னே?" என்றான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான்.

"டாக்டர்ட்ட சொன்னேம்லா. சோறு."

"நிஜமாட்டு?"

"நீங்க வீட்டில இல்லைல்லா. நான் சொன்னாத்தானே தெரியும்."

"சொல்லு."

"சொல்லியாச்சு. சோறு."

அவள் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "வண்டி பூட்டுகதுக்குள்ள முடிஞ்சிரும்னு சொன்னாளே. பிள்ளைக்கா, எனக்கா?"

அவனுக்குத் தெரியும். "கேக்கலை" என்றான்.

கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்தின் அறுவடை நேரம். வீட்டுக்குப் பின்னால் களத்தில் மாடு கட்டிச் சூடடி நடந்துகொண்டிருந்தது. உலகம்மாள் நெற்பொலி அருகில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். மருமகளைக் கண்டதும் வைக்கோலைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன சொன்னா?"

"முப்பத்தொண்ணு" என்றான் பூதலிங்கம்.

"லட்சமா?"

"ஆமா."

உலகம்மாள் கிழக்குப் பார்த்துக் கும்பிட்டாள். கண் கலங்கியது. பிறகு குரல் வந்தது.

"நான் சொல்லலியா? முருங்கைக்கீரை. மாத்திரையாம் மாத்திரை. ஏட்டி தாணு, உள்ள போய்ப் படு. செல்லத்தாயிக்கு ஆள் அனுப்புகேன். இனி அவ இங்கதான் கிடக்கணும். வேற பேறுக்குப் போகப்பிடாது."

செல்லத்தாய் அந்தச் சுற்றில் பேறு பார்க்கிறவள். பூதலிங்கத்தையும் அவள்தான் எடுத்தாள்.

"அம்மா."

"என்னலே?"

"இன்னொரு தடவை எண்ணிப் பாக்கணும்."

"எதுக்கு?"

"டாக்டருக்கு முழுத் திருப்தி இல்லை."

"முப்பது கேட்டா. முப்பத்தொண்ணு குடுத்தாச்சு. இனி என்ன திருப்தி? பள்ளிக்கூடத்தில ஒரு பய கணக்கைச் சரியாப் போட்டா, திருப்பிப் போடுன்னு அடிப்பியோ?"

களத்தில் யாரோ சிரித்தார்கள்.

"அவளுக்கு உடம்பு சரியில்லை. முகத்தைப் பாத்தியா?"

"நான் பாக்காத முகமா? நீதான் நேத்து ராத்திரி இல்லை. நான் இருந்தேன்." அருகில் வந்தாள். குரல் இறங்கியது. "மக்கா, ஒரு தடவை கண்ணு பட்டுது. இந்தத் தடவை வாய் படண்டாம். கேட்டியா?"

அவ்வளவுதான் சொன்னாள். களத்துக்குத் திரும்பினாள். இந்த ஒன்றரை வருஷத்தில் அதைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

பூதலிங்கத்தால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. தொழுவத்துக்குப் போனான். மாடு களத்தில் இருந்தது. கிணற்றடிக்குப் போனான். சாம்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு. போயிருந்தாலும் என்ன கணக்கு நடத்தியிருப்பான் என்று தெரியவில்லை. இருபத்திரண்டும் மூன்றும் இருபத்தைந்து. இருபத்திரண்டும் நாலும் இருபத்தாறு. எப்படிக் கூட்டினாலும் முப்பது வரவில்லை.

சொன்னால் நோன்பு முறியும். அம்மா நம்புகிறாள். தாணம்மாள் நம்புகிறாள். தான் நம்பவில்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. அந்தத் தாழ் போடாத கதவு அவன் கையில் இன்னும் தள்ளுப்பட்டுக்கொண்டிருந்தது.

சொல்லாவிட்டால் செல்லத்தாய் வருவாள். அவள் கெட்டிக்காரி. ஆனால் ரத்தத்தை எதைக் கொண்டு நிறுத்துவாள்?

அடுக்களையில் தாணம்மாள் தண்ணீர்ப் பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். செம்பு கையில் இருந்தது. அவனைக் கண்டு கீழே வைத்தாள்.

"குடி" என்றான்.

"நிக்கமாட்டேங்கு."

"கொஞ்சம் கொஞ்சமாக் குடி."

ஒரு மிடறு குடித்தாள். காத்திருந்தாள். இன்னொரு மிடறு.

"டாக்டரம்மை கேட்டதுக்கு..." என்று ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். காலையில் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. பார்த்துவிட்டு எடுக்கிற பார்வை.

பூதலிங்கம் அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது டாக்டருக்குப் பயந்த பார்வை இல்லை. இவ்வளவு நேரமும் தான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லவே வேண்டாம். அந்த அறையில் ஓர் ஆண் நின்றான். அவ்வளவுதான் விஷயம்.

"தாணு, புறப்படு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இப்பவா? எதுக்கு?"

"டாக்டர் கேட்டதுக்குப் பதில் சொல்லதுக்கு."

"நான் என்ன சொல்ல? நீங்க நிக்கும்போது நான் என்ன சொல்லுவேன்?"

"நான் உள்ள வரமாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு வெளிய சோலி இருக்கு."

"என்ன சோலி?"

"நேத்து கோலப்பன் வீட்டில இருந்துதே. அந்தச் சோலி."

தாணம்மாள் அவனைப் பார்த்தாள். இந்தத் தடவை பார்வையை எடுக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதிகம் வரவில்லை. உடம்பில் இல்லை.

"அத்தை?"

"களத்தில இருக்கா. நான் சொல்லிக்கிடுகேன்."

அவன் சொல்லவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

ராகேல் டாக்டர் வராந்தாவில் ஒரு பிள்ளையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. தாணம்மாளின் தோளைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வாத்தியாரே, வாங்க."

"இல்லை டாக்டரம்மா. நான் இங்க நிக்கேன்."

"வந்து உக்காருங்க."

"அவ தனியாச் சொல்லுவா. கதவைச் சாத்திக்கிடுங்க."

டாக்டர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

காலையில் நடந்த வராந்தாவில் மறுபடியும் நடந்தான். உள்ளே பேச்சு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிடுமோ என்று கோடிக்குப் போய் நின்றான். அங்கே ஒருவன் கட்டுப் போட்ட காலோடு பீடி பற்ற வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"பொண்டாட்டிக்கா?" என்றான்.

"ஆமா."

"உள்ள விடலியோ?"

"நானே வந்துட்டேன்."

"பயமாக்கும்" என்றான் அவன், தீப்பெட்டியைத் தேடியபடி.

நர்ஸ் வேகமாக வந்தாள். "தாணம்மாளுக்க ஆளு யாரு?"

"நான்தான்."

"மாத்துச் சேலையும் ஒரு செம்பும் கொண்டு வரணும். இங்கதான் படுக்கணும்னு சொல்லியாச்சு. உள்ள இருக்க கட்டில்லயே கையில தண்ணி ஏத்துதோம்."

"டாக்டர் என்ன சொன்னாவ?"

"காலையில உள்ள கணக்கு செல்லாதாம். உடம்பில தண்ணி சேர்ந்த பிறகு நாளைக்கு மறுபடி எண்ணுவாவ. எவ்வளவு குறையுதுன்னு பாத்துட்டு, வேணும்னா ரத்தம் குடுக்கணும். சேருத ரத்தம் யாருக்கு இருக்குன்னு பாக்கணும், வீட்டு ஆளுவளைக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாவ."

"எனக்குப் பாருங்க."

"பாக்கலாம். உங்களுக்குச் சேரணும்னு இல்லை. இன்னும் ரெண்டு பேரு வேணும்."

அவள் போய்விட்டாள். பூதலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம்தான்.

உலகம்மாள் வாசலில் வந்துகொண்டிருந்தாள். அவன் படியிறங்கி எதிரே போனான்.

தலையில் வைக்கோல் துரும்பு இருந்தது. களத்துச் சேலையை மாற்றவில்லை. அந்தச் சேலையோடு அவள் தெருமுனை கூடத் தாண்டமாட்டாள். பஸ்ஸில் எப்படி வந்தாளோ.

"அவ எங்க?"

"உள்ள."

"நீ என்னலே சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலை. உள்ளேயே போகலை."

"பின்ன யாரு சொன்னா?"

"என்ன சொல்லணும்?"

உலகம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆடி மாதத்தில், வாசலில் குடைக்கு வந்து நின்றவனை அப்படித்தான் பார்த்தாள். அன்று அவன் தலை குனிந்தான். இன்று குனியவில்லை.

"நான் அவளைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றாள்.

"கட்டில்ல கிடக்கா. கையில ஊசி இருக்கு."

"எனக்க தங்கச்சி கையிலயும் இருந்துது."

அவள் படியேறினாள். அவன் கூடவே ஏறினான்.

"அம்மா, அந்த முப்பத்தொண்ணு நிஜம் இல்லை."

"டாக்டர்தானலே எண்ணினா?"

"எண்ணினது சரி. ஆனா..." அதற்கு மேல் போனால் நேற்று ராத்திரிக்குள் போக வேண்டும். நின்றான். "ஆனா எதனால அப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

உலகம்மாளின் கை கதவில் இருந்தது. தள்ளவில்லை.

"அவ செத்துப்போவான்னு சொன்னாளா?" என்றாள்.

"வீட்டில வச்சுப் பாத்தா, ஆமா."

அவள் கதவைத் தள்ளினாள். உள்ளே போனாள். கதவு பின்னால் ஒருக்களித்து நின்றது.

"மாமியாரா? வாங்க. உக்காருங்க" என்றது டாக்டரின் குரல்.

"உக்கார வரலை."

"சரி, நின்னுட்டே சொல்லுங்க. பகல் பூரா ஒண்ணும் குடிக்கலைங்கா. ராத்திரி வாந்தி எடுத்திருக்கா. எத்தனை தடவைன்னு இவளுக்குத் தெரியலை, மயங்கிட்டேன்னு சொல்லுதா. எனக்கு அது தெரியணும். நீங்க பக்கத்தில இருந்தியளா?"

"நான் இருந்தேன்னு சொல்லுங்க அத்தை" என்றாள் தாணம்மாள். குரல் மெலிந்திருந்தது. "நீங்கதானே என்னைத் தூக்கிப் பிடிச்சிய."

பூதலிங்கம் கதவருகில் நின்றான். அம்மா வெளியே வருவாளா, பேசுவாளா? வந்தால் தாணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். டாக்டரால் தடுக்க முடியாது. அவனாலும் முடியுமா என்று தெரியவில்லை.

காலடிச் சத்தம் கேட்டது. கதவுப் பக்கம் வரவில்லை. வராந்தாவைப் பார்த்த ஜன்னலில் உலகம்மாளின் முகம் தெரிந்தது. கம்பியைப் பிடித்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"லே மக்கா."

"என்னம்மா?"

"இன்னும் தள்ளிப் போய் நில்லு."

அவன் படி இறங்கினான். முற்றத்தில் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வாசல் வரை போனான். அப்போதும் அவள் கை ஜன்னல் கதவில்தான் இருந்தது.

அவன் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றான். ஒரு பஸ் குறுக்கே போயிற்று. தூசி அடங்கியபோது ஜன்னல் சாத்தியிருந்தது.